இன்ஜினைக் கெடுப்பது பயோடீசல் அல்ல

பாலக்கோடு தக்காளி மண்டியில் லோடுக்குக் காத்திருக்கும் டெம்போக்காரர்களிடம் பயோடீசல் பற்றிக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அதை ஊத்தினா இன்ஜின் போயிடும், இழுவை இருக்காது, புகையும் குறையாது." டிராக்டர் வைத்திருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். அவர்கள் பயம் புரிகிறது, வண்டிதான் பிழைப்பு. ஆனால் பழி தவறான இடத்தில் விழுகிறது.

இன்ஜின் போய்விடும் என்பதை முதலில் பார்ப்போம். செக்கில் ஆட்டிய புங்க எண்ணெயை அப்படியே டீசலில் கலந்தால் கெடத்தான் செய்யும். அது டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டியானது. நாசிலில் பொடித் தூறலாகப் பிரியாமல் பெரிய துளிகளாக விழும். பாதி எரிந்து நாசில் முனையில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். பயோடீசல் என்பது இந்த எண்ணெய் அல்ல. எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் காரமும் சேர்த்து வினைப்படுத்தினால் கிளிசரின் அடியில் தங்கும். அதைப் பிரித்து, மேலே நிற்பதைக் கழுவி, ஈரம் போக்கி எடுப்பதுதான் பயோடீசல். அதன் கெட்டித்தன்மை டீசலை நெருங்கிவிடுகிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15607 அதைத்தான் அளக்கிறது. சாதாரண டீசலிலேயே 7 சதவீதம் வரை இதைக் கலக்க நமது தரவிதி இடம் தருகிறது. ரயில்வே 2002 கடைசியிலேயே டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தியை 5 சதவீதக் கலவையில் ஓட்டிப் பார்த்தது.

ஃபில்டர் அடைப்பது உண்மை. பழைய டேங்கில் பல வருடமாகப் படிந்த கசடைப் பயோடீசல் கரைத்து இழுத்து வருகிறது. ஆரம்பத்தில் ஒருமுறை ஃபில்டரை மாற்றினால் சரியாகும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய் ஊறிப் பருக்கக்கூடும். அதையும் பார்க்க வேண்டும்.

இழுவைக்குக் கணக்கே போதும். ஒரு லிட்டர் பயோடீசலில் டீசலைவிடச் சுமார் 8 சதவீதம் வெப்பம் குறைவு. 20 சதவீதக் கலவையில் அது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குக் குறைவது 160 மீட்டர். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் டயர் காற்றுக் குறைவு இதைவிட அதிகம் தின்றுவிடும்.

புகை குறையாது என்பதுதான் எனக்குக் கோபம் தரும் பேச்சு. பயோடீசலில் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால் கரி நன்றாக எரிகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் பழைய கனரக இன்ஜின்களின் சோதனைகளைத் தொகுத்தபோது, 20 சதவீதக் கலவையில் துகள் மாசு சுமார் 10, கார்பன் மோனாக்சைடு 11, எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதம் குறைந்திருந்தன. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் சுமார் 2 சதவீதம் கூடியது. அதை மறைக்கக் கூடாது. பஜாரில் நெரிசலில் நிற்கும் வண்டிகளின் பின்னால் கரியைச் சுவாசிக்கும் பிள்ளைகளுக்கு முதல் கணக்கு சின்ன லாபமில்லை.

அப்படியானால் கெட்டுப்போன இன்ஜின்கள்? குஜராத்தில் 2021-இல் அரசு நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு, தொழிற்சாலை எண்ணெய்கள் பயோடீசல் என்ற பெயரில் விற்கப்பட்டன. பெயரை நம்பி ஊற்றியவர்கள் பம்பையும் நாசிலையும் இழந்தால் குற்றம் கலப்படத்துடையது. ஐஎஸ் 15607 சோதனைச் சான்று காட்டாதவரிடம் விலை குறைவென்று வாங்காதீர்கள். பிஎஸ்-6 வண்டி என்றால் கையேட்டில் சொன்ன கலவை அளவைத் தாண்டாதீர்கள்.