ஆறு மாதத்துக்குப் பின் இணை உணவும் டம்ளரும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 600 கிலோ கலோரி தேவைப்படுகிறது. தாய்ப்பால் அந்த வயதில் சராசரியாக 400 கிலோ கலோரி தருகிறது. மீதி 200 வேறு உணவிலிருந்து வந்தாக வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் இந்த இடைவெளி 300 ஆகிறது, ஒரு வயதுக்குப் பிறகு 550. ஆற்றலைவிட அவசரமானது இரும்புச்சத்து. கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து பெற்றுச் சேமித்த இரும்பு, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் சுமார் ஆறு மாதம் தாங்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு இணை உணவு, இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்று உலக சுகாதார அவை 2001ஆம் ஆண்டில் வகுத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதாரச் செவிலியர், குழந்தைகள் காப்பகத்தார் ஆகியோருக்கும் இவ்வறிக்கை முன்வைக்கும் நிலைப்பாடு இது: 180 நாள் நிறைந்ததும் தள்ளிப்போடாமல் கரண்டியில் ஊட்டும் கெட்டியான உணவைத் தொடங்க வேண்டும், அன்றிலிருந்து தாய்ப்பால் தவிரக் குடிப்பது எதுவானாலும் சிறு டம்ளரில் கொடுக்க வேண்டும், ஆரோக்கியமான குழந்தைக்கு நிப்பிள் வைத்த பால் புட்டி எந்த வயதிலும் தேவையில்லை.

தொடங்கும் நாளை முன்னே இழுக்கும் பழக்கங்கள் பல. பிறந்ததும் சேனை தொட்டு வைப்பது, கோடையில் தாகத்துக்கென்று தண்ணீர் தருவது, இரவில் அழுதால் பால் போதவில்லை என்று நான்காம் மாதமே கூழ் காய்ச்சுவது ஆகியவை இன்னும் நடக்கின்றன. தாய்ப்பாலில் 88 விழுக்காடு தண்ணீர்தான். சித்திரை வெயிலிலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம். சேனையாகத் தொட்டு வைக்கும் தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஆகவே ஒரு வயது வரை நாக்கில் தொட்டு வைக்கும் அளவுக்குக்கூடத் தேன் கூடாது. சில குடும்பங்களில் பெண் குழந்தைக்கு ஐந்தாம் மாதத்தில் சோறூட்டுகிறார்கள். அந்தச் சடங்கைக் கைவிடச் சொல்வது இவ்வறிக்கையின் நோக்கமன்று. அதை ஆறு மாதம் நிறைந்த பிறகு வரும் ஒரு நல்ல நாளுக்கு மாற்றிக்கொள்வதே சிறந்தது.

தாமதம் அதைவிட அமைதியாகத் தீங்கு செய்கிறது. பல் முளைக்கட்டும், எட்டு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்கும் குழந்தை கொழுகொழுவென்று இருந்தாலும் உள்ளே இரும்பு வற்றிக்கொண்டிருக்கும். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 57 விழுக்காடு. பல் இல்லாத ஈறே மசித்த உணவை மெல்லப் போதுமானது. தலை நிற்பது, தாங்கலோடு உட்காருவது, எதிரே இருக்கும் தட்டுக்குக் கை நீட்டுவது, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்குவது ஆகியவைதான் பார்க்க வேண்டிய அறிகுறிகள்.

என்ன கொடுப்பது என்று கேட்பவர்கள் பலர். எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்ற கேள்வி அதற்குச் சற்றும் குறையாதது. குழந்தையின் இரைப்பை ஒரு வேளையில் கொள்ளும் அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லி வீதம்தான். ஏழு கிலோ குழந்தைக்குச் சுமார் 200 மில்லி. பருப்புத் தண்ணீர், ரசம் தெளித்த சாதத்தின் தெளிவு, அரிசிக் கஞ்சியின் நீர் ஆகியவற்றால் அந்த இடம் நிரம்பினால் வயிறு நிறையும், உடம்பு வளராது. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 முதல் 70 கிலோ கலோரி உண்டு. நீர்த்த கஞ்சியில் அதில் பாதிகூட இராது. ஒரு வேளைத் தாய்ப்பாலை விலக்கிவிட்டு அந்தக் கஞ்சியைக் கொடுப்பது குழந்தைக்கு நட்டம். செரிக்காது என்ற அன்பான அச்சத்தால் பாட்டிமார் பருப்பை வடித்துத் தெளிவை மட்டும் எடுக்கிறார்கள், சத்தோ அடியில் நின்ற பருப்பில் கிடக்கிறது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் நிற்கும் பதம் வேண்டும். குழைய வேக வைத்த சாதமும் பருப்பும் கையால் மசித்து, அரைத் தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் அந்தப் பதம் வந்துவிடும்.

கூழ் கெட்டியானால் விழுங்கச் சிரமம், நீர்த்தால் சத்தில்லை என்ற சிக்கலுக்கு விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. முளைகட்டி உலர்த்தி அரைத்த கேழ்வரகு மாவில் அமைலேஸ் என்ற நொதி நிறைந்திருக்கும். வெந்து இறக்கிய சூடான கெட்டிக் கூழில் அந்த மாவு சிறிது கலந்து கிளறினால் சில நிமிடங்களில் கூழ் இளகிவிடும். மாவுச்சத்து குறைவதில்லை, நீளமான மாவுச்சத்துச் சங்கிலிகள் அறுபடுவதால் பிசுபிசுப்புதான் குறைகிறது. பிறகு மீண்டும் ஒரு கொதி விட்டு ஆற வைத்து ஊட்டலாம். பரோடாவில் தாரா கோபால்தாஸ் தலைமையில் 1980களில் நடந்த ஆய்வுகள் இதை அறிவியலாக நிறுவின. தலைமுறைகளாக முளைகட்டிய கேழ்வரகைப் பிழிந்து பால் எடுத்துக் கூழ் காய்ச்சிய தாய்மார்களின் கைப்பக்குவம் இதற்கு வெகு அருகில் நின்றது. அங்கன்வாடியில் வழங்கும் இணை உணவு மாவு இந்த வகையில் மதிப்புள்ளது. அதில் வெல்லம் ஏற்கெனவே கலந்திருப்பதால் மேற்கொண்டு சர்க்கரை சேர்க்கக் கூடாது.

அளவு மெல்லக் கூடும். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி, ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை. எட்டாம் மாதத்துக்குள் 250 மில்லி கிண்ணத்தில் பாதி. ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளையோடு, இடையில் ஒரு பழமோ இட்லியோ. ஒரு வயதுக்குப் பிறகு வேளைக்கு முக்கால் கிண்ணம் முதல் முழுக் கிண்ணம் வரை. தாய்ப்பால் குடிக்காத குழந்தைக்கு இதைவிட ஒன்றிரண்டு வேளை கூடுதலாக வேண்டும்.

பச்சரிசிக் குழைவும் வாழைப்பழமும் மாறி மாறி வந்தால் அது உணவாகிவிடாது. தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கடலையும், பால் தயிர், மீனும் இறைச்சியும், முட்டை, பரங்கிக்காய் மாம்பழம் போன்ற வைட்டமின் ஏ நிறைந்தவை, பிற காய்கனிகள் என்று உலக சுகாதார நிறுவனம் பிரிக்கும் எட்டு வகைகளில் குறைந்தது ஐந்து தினமும் குழந்தையின் வாய்க்குப் போக வேண்டும். நன்கு வெந்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன், வேக வைத்து மசித்த ஈரல், நைய அரைத்த கோழிக்கறி ஆகியவற்றை ஆறு மாதத்திலிருந்தே தரலாம். அசைவம் உண்ணும் வீடுகளில்கூடக் குழந்தைக்கு மட்டும் ஒரு வயதுவரை அதை மறுக்கும் வழக்கம் மாற வேண்டும் என்பதில் இவ்வறிக்கைக்கு ஐயமில்லை. இறைச்சியின் இரும்பு உடலில் எளிதில் சேர்வது. கீரையின் இரும்பு அப்படிச் சேர்வதில்லை. சைவக் குடும்பங்கள் பருப்பு, கீரையோடு சில சொட்டு எலுமிச்சையோ தக்காளியோ சேர்த்தால் வைட்டமின் சி அந்த இரும்பைக் கூடுதலாக ஈர்க்க உதவும். இருந்தாலும் உணவால் மட்டும் தேவை நிறையும் என்று நம்பியிருக்க வேண்டாம். 2018இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்பு, ஃபோலிக் அமில மருந்து அரசால் வழங்கப்படுகிறது. மலம் கறுப்பதைக் கண்டு அதை நிறுத்திவிட வேண்டாம்.

ஒவ்வாமைக்கு அஞ்சி முட்டையையும் நிலக்கடலையையும் தள்ளிப்போடச் சொன்ன பழைய அறிவுரை இன்று தலைகீழாகிவிட்டது. 2015இல் வெளியான லீப் ஆய்வு, ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. சிறு வயதிலேயே நிலக்கடலை உண்ணத் தொடங்கியவர்களிடம் அந்த ஒவ்வாமை சுமார் 80 விழுக்காடு குறைந்திருந்தது. நைய அரைத்த கடலையைக் கூழில் கலந்து தரலாம். கடுமையான தோல் அழற்சி உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். முழுக் கடலையின் ஆபத்து வேறு: அது மூச்சுக்குழாயை அடைக்கும். பொட்டுக்கடலை, சுண்டல், முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, முறுக்கு ஆகியவற்றை ஐந்து வயது வரை எட்டாத இடத்தில் வைப்பதே நல்லது. உப்பும் சர்க்கரையும் முதல் ஆண்டில் தேவையில்லை. பெரியவர்களின் நாக்குக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்குச் சப்பென்று இருப்பதில்லை.

மிக்ஸியில் அரைப்பது சில வாரங்களோடு நிற்க வேண்டும். ஏழாம் மாதத்தில் மசித்தது, எட்டு ஒன்பதில் சிறு கட்டிகளுள்ளது, கையில் பிடித்துக் கடிக்க இட்லித் துண்டும் வெந்த காயும், ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு என்று பதம் வளர வேண்டும். பிரிட்டனில் ஏவன் பகுதிக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைப் பார்த்தவர்கள் ஏழு வயதிலும் உண்பதில் கூடுதல் தொல்லை தந்தார்கள். குமட்டுவது மெல்லக் கற்கும் பாதையின் ஒரு பகுதி, அதைக் கண்டு பதறி மீண்டும் கூழுக்குத் திரும்ப வேண்டாம். சத்தமே வராமல் போவதும் முகம் நீலம் பாய்வதும்தான் அடைப்பின் அடையாளங்கள். அதற்கான முதலுதவியைக் குழந்தை உள்ள வீட்டில் ஒருவராவது கற்றிருக்க வேண்டும்.

இனிக் குடிக்கும் பாத்திரம். கூழை நீர்க்கச் செய்து, நிப்பிளின் துளையை ஊசியால் பெரிதாக்கிப் புட்டியில் ஊட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மேலே சொன்ன எல்லாவற்றையும் அது ஒரே அடியில் கெடுக்கிறது: உணவு நீர்க்கிறது, வாய் மெல்லக் கற்பதில்லை, நிப்பிளின் மடிப்பில் தங்கும் பால் நுண்ணுயிர்களை வளர்த்து வயிற்றுப்போக்கைத் தருகிறது. படுக்கையில் புட்டியோடு உறங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் முளைத்த சில மாதங்களிலேயே சொத்தையாகின்றன. இரண்டு வயதிலும் புட்டியை விடாத குழந்தை பாலாலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு சோற்றைத் தள்ளிவிடும். பசும்பாலில் இரும்பு குறைவு, அதன் கால்சியமும் புரதமும் மற்ற உணவின் இரும்பையும் சேரவிடாது. இரத்தசோகையோடு வரும் குழந்தையின் தாயிடம் முதலில் கேட்க வேண்டியது, ஒரு நாளில் எத்தனை புட்டிப் பால் என்பதைத்தான். ஒரு வயது வரை பசும்பாலைத் தயிராகவும் சமையலிலும் சேர்க்கலாம். முதன்மைப் பானமாக அது வேண்டாம்.

டம்ளரில் குடிக்கச் சிறு குழந்தைக்குத் தெரியாது என்பது தவறான எண்ணம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள்கூட மருத்துவமனைகளில் பாலாடையில் குடிக்கின்றன. நம் வீடுகளின் சங்கும் அதே வகைப் பாத்திரம்தான், கழுவ எளிது, மூலைமுடுக்கு இல்லை. தவறு நேர்வது அதைக் கொண்டு ஊட்டும் விதத்தில்: காலில் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துத் தொண்டையில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். இந்த முறையை எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிய எவர்சில்வர் டம்ளரின் விளிம்பைக் கீழுதட்டில் மெல்ல வைத்து, நீர் மேலுதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்து அப்படியே பொறுத்திருக்க வேண்டும். குழந்தை தானாக நக்கும், உறிஞ்சும், நிறுத்தும். முதல் சில வாரங்கள் பாதி சட்டையில்தான் போகும். ஒரு மடக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தால் வீணாவதும் குறைவு.

கடைகளில் விற்கும் சிப்பரைப் பற்றிப் பெற்றோர் நிறையக் கேட்கிறார்கள். தலைகீழாகப் பிடித்தாலும் சிந்தாதவை வால்வு உள்ளவை. அவற்றில் குடிக்கக் குழந்தை நிப்பிளைச் சப்புவது போலவே சப்ப வேண்டும், மடக்கு மடக்காகக் குடிக்கக் கற்பதில்லை. பயணத்துக்கென்று ஒன்று வேண்டுமானால் வால்வு இல்லாததைத் தேர்ந்து அதில் தண்ணீர் மட்டும் ஊற்றலாம். பாலோ இனிப்பான பானமோ நாள் முழுவதும் கையிலிருந்தால் பற்கள் கெடும். கொதித்து ஆறிய தண்ணீர் உணவோடு சில மடக்கு போதும். பழச்சாறு ஒரு வயது வரை வேண்டாம், பழத்தையே மசித்துக் கொடுக்கலாம். டீயும் காபியும் இரும்பைத் தடுப்பதால் எந்தக் குழந்தைக்கும் கூடாது. ஏற்கெனவே புட்டிக்குப் பழகிய குழந்தைக்குப் பகல் வேளைப் புட்டிகளை முதலில் டம்ளராக மாற்றி, இரவுப் புட்டியைக் கடைசியில் விலக்கி, முதல் பிறந்தநாளுக்குள் முடித்துவிட முடியும்.

தாய் வேலைக்குத் திரும்பும் காலமும் இணை உணவு தொடங்கும் காலமும் ஒன்றாக வந்து மோதுகின்றன. சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம் தனியார் துறையில் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. பிரசவத்துக்கு முன்பே சில வாரங்களை எடுத்தவருக்கு ஆறு மாதம் முழுதாக மிஞ்சாது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு தருகிறது. கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் நடைமுறையில் விடுப்பு எதுவும் இல்லை, புட்டி அவர்கள் வீட்டுக்குள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். அந்தத் தாய்மாரைக் குறை சொல்வது நியாயமன்று. பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பாட்டியோ காப்பக ஊழியரோ டம்ளரில் ஊட்டலாம். அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு சுகாதாரத் துறைக்கு உண்டு. மருத்துவக் காரணத்தால் பால் மாவு தேவைப்படும் குழந்தைக்கும் பாத்திரம் அதே டம்ளர்தான். பால் மாவு, பால் புட்டி, இரண்டு வயதுக்குட்பட்டோர் உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி தருவதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 திருத்தமும் தடுக்கின்றன. பெற்றோர் கைப்பேசியில் வந்து விழும் மறைமுக விளம்பரங்களுக்கும் அந்தச் சட்டம் முழு வலுவோடு பாய வேண்டும்.

ஊட்டும் முறையும் உணவைப் போலவே கற்பிக்க வேண்டியது. வாயை மூடிக்கொள்வதும் முகத்தைத் திருப்புவதும் போதும் என்பதற்கான குழந்தையின் மொழி. புதிய சுவையை ஏற்கப் பத்து முறைகூடத் தேவைப்படலாம். கைப்பேசியைக் காட்டி வாயில் திணித்தால் உணவு உள்ளே போகும், பசியும் நிறைவும் குழந்தைக்குப் புரியாமலே போகும். காய்ச்சல், வயிற்றுப்போக்கின்போது உணவை நிறுத்தாமல் சிறிது சிறிதாகத் தர வேண்டும். குணமான பின் இரண்டு வாரமாவது ஒரு வேளை கூடுதலாகத் தர வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இணை உணவு தொடங்கும் நாளை மருத்துவரோடு சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். இரும்பு மருந்து அதற்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கும். பிளவுற்ற அண்ணம் உள்ள குழந்தைக்குத் தனி வகைப் புட்டி தேவைப்படலாம், அது மருத்துவத் தேவை. பத்து மாதமாகியும் மசித்த உணவை விழுங்க முடியாத குழந்தை, ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் புரையேறும் குழந்தை, இரண்டு மாதம் தொடர்ந்து எடை கூடாத குழந்தை ஆகியோரை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.