அபிப்பிராயத்தைச் சொல்லும் வினைகள்

பிறருடைய அபிப்பிராயத்தை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கப் புகுந்தவர், காலமும் எண்ணும் பிழையாமல் எழுதியும் அவ்வாக்கியம் ஆங்கிலேயர் காதுக்கு அந்நியமாகவே ஒலிப்பதற்குக் காரணம், ஒவ்வொரு வினையும் தனக்குப்பின் எத்தகைய தொடரை ஏற்கும் என்னும் சம்பிரதாயத்தை, அகராதியில் அர்த்தம் மட்டும் பார்த்துப் பழகியவர் அறியாதிருப்பதே. ‘அவர் என்னைப் போகும்படி யோசனை கூறினார்’ என்பதற்கு ‘ஸஜெஸ்டட் மீ டு கோ’ என்று எழுதுவது நம்மவரிடம் சர்வசாதாரணம். ‘அட்வைஸ்’ மனமுவந்து ஏற்கும் அந்த அமைப்பை, ஏறக்குறைய அதே கருத்துடைய ‘ஸஜெஸ்ட்’ அடியோடு நிராகரித்து, ‘தட்’ சேர்ந்த வாக்கியத்தையே கேட்கிறது. ‘ரிகார்ட்’ என்பதற்கு ‘ஆஸ்’ வேண்டும். ‘கன்ஸிடர்’ அது இல்லாமலே நடக்கும். நியாயம் கேட்டுப் பிரயோஜனமில்லை. இதனினும் சூக்ஷ்மமானது எதிர்மறை: ஒரு திட்டம் பலிக்காது என்று கருதுகிறவர், அது பலிக்குமென்று தாம் நினைக்கவில்லை என்று, மறுப்பை நினைப்பின் மேலேயே ஏற்றிச் சொல்வதுதான் அந்த பாஷையின் சுபாவம், ‘ஐ திங்க் இட் வில் நாட்’ தவறன்று, சற்றுக் கடுமை. (‘ஹோப்’ மட்டும் இதற்கு இணங்காது.) ஜப்பானில் ஆங்கிலம் போதித்த ஹார்ன்பி, டோக்கியோவில் 1942-ல் வெளிவந்த தம் அகராதியில் வினையமைப்புகளை 25 ஆக வகுத்து, ஒவ்வொரு வினைக்கும் உரியதைக் குறித்துக்காட்டினார். நம் பாடசாலைகளோ, நேர்கூற்றை அயற்கூற்றாக்கும் பயிற்சியில் ‘டுடே’ என்பது ‘தட் டே’ ஆவதை வெகு சிரத்தையோடு கற்பித்துவிட்டு, ‘ஸெட்’ ஒன்றே சகல அபிப்பிராயங்களுக்கும் போதுமென்று விட்டுவிடுகின்றன.