அனுபவம் கேட்பவர்கள் அனுபவம் தரட்டும்



சிலாபம் முதல் புத்தளம் வரையிலான தென்னந்தோட்டங்களில் எமது அங்கத்தவர்களின் பிள்ளைகள் பலர் தோட்டத்தில் பெயர் பதிய விரும்புவதில்லை. தேங்காய் பறிப்பு, உரிப்பு, மட்டை சுமப்பு என்று தாய் தகப்பன் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அதில் கணிசமானோர் தேர்ந்தெடுப்பது ஸ்டியரிங்கை. நகையை அடகு வைத்தோ, சீட்டு எடுத்தோ பணம் கட்டி, லேனர்ஸில் படித்து, லொறி ஓட்டுவதற்கான சாரதி அனுமதிப்பத்திரத்தையும் கையில் எடுத்துவிடுகிறார்கள். கற்பிட்டிக் கரையிலும் இதே கதைதான். கடல் கைவிட்ட மாதங்களில் உச்சமுனை இளைஞர்களும் லொறி வேலையைத் தேடி வருகிறார்கள். இரு தரப்பாரிடமும் முதலாளிமார் கேட்கும் கேள்வி ஒன்றே: "எத்தனை வருஷம் ஓடியிருக்கிறாய்?"

நேற்று அனுமதிப்பத்திரம் எடுத்தவனிடம் இதற்கு என்ன பதில் இருக்கும்? ஓட விட்டால்தான் அனுபவம் வரும். அனுபவம் இல்லாமல் ஓட விடமாட்டார்கள். இந்த முடிச்சைப் பற்றி தோட்டத் தொழிலாளர் சங்கம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மாட்டிக்கொண்டிருப்பது எமது பிள்ளைகள். அதோடு தோட்டத்துத் தேங்காயும் தும்பும் ஆலைக்கும் சந்தைக்கும் போவது லொறியில்தான். அந்த லொறியில் இருப்பவன் உரிமை இல்லாதவனாக இருந்தால், நாளை தோட்டத்து டிராக்டரில் இருப்பவனின் உரிமையும் அதே விலைக்கு இறங்கும்.

எமது மாவட்டத்தில் லொறிக்கு வேலை இல்லையா? தாராளமாக இருக்கிறது. பாலாவிச் சீமெந்து ஆலையிலிருந்து நாடெங்கும் சீமெந்து போகிறது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் சாம்பல் சீமெந்துத் தயாரிப்புக்குப் போகிறது. புத்தளத்து உப்பு போகிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. மீனும் கருவாடும் பேலியகொடைக்குப் போகின்றன. மாதம்பை, நாத்தாண்டியப் பக்கத்து ஆலைகளுக்குத் தேங்காய் போகிறது. கொழும்பு, குருநாகல், அனுராதபுரம் என மூன்று பெருந்தெருக்கள் புத்தளத்தில் சந்திக்கின்றன. இத்தனை சரக்கு ஓடும் ஊரில் உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு இருக்கை கிடைக்கவில்லை என்றால் கோளாறு பிள்ளையிடம் மட்டும் இருக்க முடியாது.

உச்சமுனைப் பிள்ளையின் நிலை இன்னும் ஒரு படி கீழே. கற்பிட்டியைச் சூழ்ந்த 14 தீவுகளில் ஒன்று அது. மக்கள் படகில்தான் கற்பிட்டிக்கு வந்துபோகிறார்கள். லொறி ஓட்டப் போகிறவன் முதலில் படகேற வேண்டும். மரக்கறி லொறி இரவில் பாரம் ஏற்றும். மீன் லொறி விடியுமுன் புறப்படும். காற்றுக் கடுமையான நாளில் படகு வராது. ஆகவே கற்பிட்டியிலோ பாலாவியிலோ அறை எடுத்துத் தங்க வேண்டும். சம்பளமே நிச்சயமில்லாத வேலைக்கு வாடகையை முதலில் கட்டுவது எப்படி? "தீவுப் பிள்ளைகள் நேரத்துக்கு வருவதில்லை" என்று சொல்லும் முதலாளி இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாளி தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. லேனர்ஸில் ஓட்டியது வெறும் லொறி. பரீட்சைக்குப் போனதும் வெறும் லொறி. பத்துத் தொன் ஏற்றிய வண்டி பிரேக் பிடிக்கும் தூரம் வேறு, வளைவில் சாயும் விதம் வேறு. இரவில் ஒடுங்கிய சந்தைக்குள் பின்னோக்கி எடுப்பது, மழையில் படங்கு இழுத்துக் கட்டுவது, வழியில் டயர் மாற்றுவது, பாரம் ஒரு பக்கம் சரிந்திருப்பதை ஓட்டத்திலேயே உணர்வது இவையெல்லாம் அனுமதிப்பத்திரத்தோடு வருவதில்லை. லீசிங் கட்டும் வண்டியைப் புதியவன் கையில் கொடுக்க ஒருவர் பயப்படுவது இயற்கை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வண்டிகளைக் காப்பாற்றிக்கொள்வதே பலருக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஆனால் அந்தப் பயத்தின் செலவை யார் தாங்குகிறார்கள் என்பதே எமது கேள்வி. இன்றைய வழக்கம் என்ன? "முதலில் கிளீனராக ஏறு, பிறகு பார்ப்போம்" என்பார்கள். ஏறுகிறான். பாரம் ஏற்றுகிறான், இறக்குகிறான், வண்டி கழுவுகிறான், இரவில் காவலுக்கு வண்டியிலேயே படுக்கிறான். சாப்பாடும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் கிடைக்கும். சாரதிக்குத் தூக்கம் வந்தால் ஸ்டியரிங்கும் அவன் கைக்கு வரும். அப்போது மட்டும் அனுபவத்தை யாரும் கேட்பதில்லை. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து வெளியேறும்போது அவன் வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் கடிதம்கூட இருக்காது. அடுத்த முதலாளி மீண்டும் கேட்பார்: "எத்தனை வருஷம் ஓடியிருக்கிறாய்?" சில இடங்களில் அனுமதிப்பத்திரத்தையே வாங்கிப் பெட்டியில் பூட்டிவைப்பதாகவும், அளவுக்கு மீறிய பாரத்துக்குப் பொலிஸ் எழுதும் தண்டப்பணத்தைச் சாரதியின் தலையில் கட்டுவதாகவும் எம்மிடம் முறையிடுகிறார்கள்.

கிளீனராக இருந்து கற்றுக்கொள்வது தவறான வழி அல்ல. பழைய சாரதிமார் பெரும்பாலும் அப்படித்தான் தொழில் பழகினார்கள். பிழை, அந்தக் காலத்தை வேலை என்று கணக்கில் எடுக்காததில் இருக்கிறது. தென்னந்தோட்டத்தில் முதல் நாள் வந்த தொழிலாளிக்கும் அன்றைய நாட்சம்பளம் உண்டு. "நீ இன்னும் மட்டை உரிக்கப் பழகவில்லை, ஆறு மாதம் சும்மா செய்" என்று எந்தத் துரையும் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் செய்தது சட்டமும் சங்கமும். லொறியிலும் அதேதான் நடக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பள சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேயிலைக்கும் தென்னைக்கும் சம்பள சபை இருப்பதுபோல, மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கும் ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படியான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவானது, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். ஒரேயொரு ஆளை வைத்திருந்தாலும், தற்காலிகமாக வைத்திருந்தாலும், சேமலாப நிதிப் பொறுப்பு முதல் நாளிலிருந்தே உண்டு. வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஹயருக்கு இவ்வளவு, ட்ரிப்புக்கு இவ்வளவு என்று வாயால் பேசி முடிக்கும் இடத்தில் இவையெல்லாம் காணாமல் போகின்றன. சேமலாப நிதிப் பதிவுதான் ஒருவன் எங்கே எத்தனை மாதம் வேலை செய்தான் என்பதற்கு மிக உறுதியான சான்று. அதைக் கட்டாமல் விடும் முதலாளி அவனுடைய பணத்தோடு அவனுடைய அனுபவத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்.

மற்ற நாடுகளைப் பாருங்கள். ஜெர்மனியில் லொறி ஓட்டுவது மூன்று வருடப் பயிற்சி உள்ள, அரசு அங்கீகரித்த தொழில். பயிற்சிக் காலம் முழுவதும் நிறுவனம் பயிலுநருக்குக் கொடுப்பனவு வழங்குகிறது. இந்தியாவில் 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சாரதியோடு கிளீனரையும் தொழிலாளியாகவே பார்த்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. சர்வதேச தொழில் அமைப்பின் 1979ஆம் ஆண்டு 153ஆம் இலக்கச் சமவாயம், தொடர்ந்து 4 மணித்தியாலத்துக்கு மேல் இடைவேளையின்றி ஓட்டக் கூடாது, நாளுக்கு 9 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்கிறது. தூங்காத சாரதியும் பழகாத கிளீனரும் மாறி மாறி ஓட்டும் லொறி, வீதியில் போகும் எல்லோருக்கும் ஆபத்து.

ஆகவே நாம் கேட்பது இவைதான். தோட்ட நிர்வாகங்கள் டிராக்டர், லொறி வேலைகளைக் கொந்தராத்துக்காரரிடம் கொடுத்து ஒதுங்காமல், வருடந்தோறும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலரைச் சம்பளத்தோடு பயிற்சிச் சாரதிகளாக எடுக்க வேண்டும். தோட்டத்து உள்வீதி, பாரத்தோடு ஓடிப் பழகுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை. லொறி முதலாளிமார் கிளீனரையும் பெயர்ப்பட்டியலில் சேர்த்து, சேமலாப நிதி கட்டி, விலகும்போது ஓடிய வண்டியின் ரகமும் காலமும் எழுதிய சேவைக் கடிதம் கொடுக்க வேண்டும். தீவிலிருந்து வருபவருக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்டத்தின் பெரிய ஆலைகளும் மின்நிலையமும் போக்குவரத்தைக் கொந்தராத்துக்குக் கொடுக்கும்போது, இந்த மூன்றையும் நிபந்தனையாக எழுத வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள், பாரம் ஏற்றிய வண்டியில் ஓடும் பயிற்சியைப் பாடமாக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கும் சில வார்த்தை. கடன் வாங்கி எடுத்தவுடன் கனரக அனுமதிப்பத்திரத்துக்கு ஓடாதீர்கள். 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிகளுக்கு சி1 வகுப்பு போதும். கற்பிட்டி மரக்கறி, மீன் கூலர், ஹார்ட்வெயார்க் கடைச் சரக்கு எல்லாம் பெரும்பாலும் அந்த ரக வண்டிகளில்தான் ஓடுகின்றன. புதியவருக்குக் கதவு திறப்பதும் அங்கேதான். டிப்பரும் பவுசரும் கொள்கலனும் பிறகு வரட்டும். ஒரு கொப்பியில் திகதி, வண்டி இலக்கம், ஓடிய பாதை, ஏற்றிய சரக்கு, கிடைத்த பணம் ஆகியவற்றை அன்றன்றே எழுதிவையுங்கள். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யும் நாளில் அந்தக் கொப்பி பேசும். அனுமதிப்பத்திரத்தை யாரிடமும் அடகாகக் கொடுக்காதீர்கள். சேமலாப நிதி இலக்கத்தை முதல் மாதமே கேளுங்கள். கேட்க வாய் வராவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள், நாம் சேர்ந்து கேட்போம்.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதியலாம். புத்தளம் மாவட்டத்து லொறிகளில் ஓடும் எமது பிள்ளைகள் ஏழு பேருக்கு மேல் இருக்கிறார்கள். தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தங்கள் தோட்டத்தில் அனுமதிப்பத்திரம் எடுத்து வேலையின்றி இருப்பவர்களின் பெயரையும், சம்பளமில்லாமல் கிளீனராக ஓடுபவர்களின் பெயரையும் தனித்தனியே எழுதி அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கற்பிட்டிப் பக்கத்துத் தோழர்கள் உச்சமுனைக்கும் ஒரு நாள் படகேறிப் போய் அங்குள்ள பிள்ளைகளின் பெயரையும் எடுத்து வாருங்கள். அந்தப் பட்டியலை முன்வைத்துத்தான் நிர்வாகங்களோடும் முதலாளிமாரோடும் பேசப் போகிறோம்.