கயிற்றுக்குள் வந்த மத்தியஸ்தர்

குத்துச் சண்டையில் ஜயித்தவன் பெயரை உலகம் நினைவில் வைக்கிறது; தீர்ப்புச் சொன்னவரை யார் விசாரிக்கிறார்கள்? லண்டன் யூஜின் காரி ஆயிரம் பந்தயங்களுக்கு மத்தியஸ்தம் செய்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதியவர்.

அவர் காலத்து நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் மத்தியஸ்தர் மேடைக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்திருப்பார். சுற்று நடக்கையில் பார்வையாளர் வாய் திறக்கலாகாது. (பள்ளிக்கூட வாத்தியாரான நமக்கு இதில் சற்றுப் பொறாமைதான்!) போட்டியாளர் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டால் வெளியிலிருந்தே குரல் கொடுத்து விலக்க வேண்டும். 1907 டிசம்பரில், டாமி பர்ன்ஸும் கன்னர் மோயரும் மோதியபோது, காரி கயிற்றுக்குள்ளேயே போய் நின்றார்.

அவருக்குப் பெரும் சோதனை 1914 ஜூலை 16ந் தேதி வந்தது. பிரெஞ்சுக்காரரான கார்ப்பெந்தியேயும் அமெரிக்கரான கன்போட் ஸ்மித்தும் 'வெள்ளையர் ஹெவிவெயிட் சாம்பியன்' பட்டத்துக்காக ஒலிம்பியா மண்டபத்தில் மோதினர். உண்மைச் சாம்பியனான ஜாக் ஜான்ஸன் கறுப்பர் என்பதற்காகவே கற்பித்த பித்தலாட்டப் பட்டம் அது! ஆறாவது சுற்றில் கார்ப்பெந்தியே சறுக்கி விழுந்தார். விழுந்தவர் மீது ஸ்மித்தின் குத்துப் பட்டது. ஸ்மித் தோற்றதாகக் காரி தீர்ப்பளித்தார்.

குத்து லேசானது, ஓங்கிய கையை நிறுத்த முடியவில்லை என்றெல்லாம் தர்க்கம் எழுந்தது. விதியோ குத்தின் பாரத்தைக் கேட்கவில்லை; எதிரி நின்றானா, விழுந்து கிடந்தானா என்றே கேட்கிறது. நாம் காரியின் கட்சி.