பெற்றோல் பூச்சாண்டியும் ஒரு பிள்ளையின் கையும்



"வஸ்லின் என்பது பெற்றோல் கழிவு. பூசினால் புற்றுநோய் வரும். இயற்கையான ஸைத்தூன் எண்ணெய்க்கு மாறுங்கள்." இந்த மாதத்தில் மட்டும் மூன்று வட்ஸ்அப் குறூப்பில் இது எனக்கு வந்துவிட்டது. கடைசியாக அனுப்பியவர் ஒரு ஆசிரியர். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை, தரம் 7. சின்ன வயதில் இருந்தே எக்ஸிமா. டொக்டர் சொன்னபடி குளித்த கையோடு வஸ்லின் பூசி வந்தவள். போன தவணை அவளுடைய உம்மா இந்த மெசேஜைப் பார்த்துப் பயந்து, ஒருவர் ஒன்லைனில் விற்ற வாசனை கலந்த ஸைத்தூன் எண்ணெய்க்கு மாறினார். இரண்டு கிழமையில் மணிக்கட்டு வெடித்து நீர் வடிந்தது. பேனை பிடித்து எழுத முடியவில்லை. அந்தத் தாயில் எனக்குக் கோபம் இல்லை. பயம் காட்டியவர்களில்தான் கோபம்.

பெற்றோலும் வஸ்லினும் மசகு எண்ணெயில் இருந்து வருவது உண்மை. ஒரே கித்துள் பாளையில் இருந்துதான் கள்ளும் வருகிறது, பாணியும் வருகிறது. தயிருக்குப் பாணி ஊற்றும்போது யாராவது ஹராம் என்று எழும்பி ஓடுகிறோமா? எங்கிருந்து வந்தது என்பதோடு, என்ன செய்து எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

புற்றுநோய்க் கதை எங்கிருந்து வந்தது? சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெய் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. நன்கு சுத்திகரித்ததை அது அந்தப் பட்டியலில் போடவில்லை. மெசேஜ் எழுதியவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வஸ்லின் தோலுக்கு ஊட்டம் எதுவும் தராது. மூடி போல நின்று, தோலில் உள்ள நீர் ஆவியாகிப் போவதை 98 வீதம் வரை தடுக்கும். எக்ஸிமாத் தோலுக்குத் தேவை அதுதான். வாசனை இல்லாததை வாங்கினால் ஒவ்வாமையும் மிக அரிது.

ஸைத்தூன் எண்ணெயில் ஒலெயிக் அமிலம் அதிகம். அது தோலின் மேற்படையில் உள்ள கொழுப்பு அடுக்கைக் குலைக்கும். 2013 இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், தொடர்ந்து பூசிய வளர்ந்தவர்களுக்கே தோலின் காப்பு பலவீனமானது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் அப்படிக் கெடுக்கவில்லை. எங்கள் தேங்காய் எண்ணெய்க்கும் நியாயம் சொல்ல வேண்டும்: பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள பிள்ளைகளில் செய்து 2014 இல் வெளியான ஆய்வில், சுத்தமான வேர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் ஒயிலை விட நல்ல பலன் தந்தது. ஆகவே "இயற்கை" என்று எல்லா எண்ணெயையும் ஒரே போத்தலில் ஊற்றாதீர்கள். காஞ்சோன்றியும் இயற்கைதான், பூசிப் பாருங்கள்! 2021 இல் அஃப்ளடொக்சின் இருப்பதாகப் பிடிபட்ட இறக்குமதித் தேங்காய் எண்ணெயும் தென்னையில் இருந்து வந்ததுதான்.

எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். ஸைத்தூன் பரக்கத்தான மரம். அதை நாங்கள் மதிக்கிறோம், சாப்பிடுகிறோம். அந்த மதிப்பை வைத்து, லேபலில் திகதியும் இல்லாத, உள்ளே என்ன இருக்கிறது என்றும் போடாத ஒரு போத்தலை, வஸ்லினைப் போலப் பல மடங்கு விலைக்கு ஏழைத் தாயிடம் விற்கிறார்கள். பரக்கத்தான மரத்துக்குப் பொய் விளம்பரம் தேவையா?

எண்ணெய் விற்பவர்கள் விற்கட்டும். உங்கள் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துப்போனால் தாராளமாகப் பூசுங்கள். ஆனால் டொக்டர் கொடுத்ததை ஒரு ஃபோர்வர்டை நம்பி நிறுத்தாதீர்கள். கேள்விப்பட்டதை விசாரிக்காமல் பரப்புவது மார்க்கம் எங்களுக்குக் கற்றுத்தந்த பழக்கமும் அல்ல.

அந்தப் பிள்ளை பழைய பூச்சுக்கே திரும்பிவிட்டாள். கை ஆறிக்கொண்டு வருகிறது. தவணைப் பரீட்சையில் இரண்டு பாடத்தை எழுத முடியாமல் போனதற்கு யார் பதில் சொல்வது?