குற்றவாளிக் கூண்டில் காப்பிய மாந்தர்

கற்பில் உயர்ந்தவள் கண்ணகியா, மாதவியா? அறத்தில் நின்றவன் கும்பகருணனா, வீடணனா? கைகேயி குற்றவாளியா, கூனி குற்றவாளியா? தமிழ்ச் சங்க விழாக்களில் ஆண்டுதோறும் இவ்வினாக்கள் எழுகின்றன. மேடையின் ஒருபுறம் மூவர், மறுபுறம் மூவர், இடையே ஒரு நடுவர். ஒன்றரை மணி நேரத்தில் தீர்ப்புக் கிடைத்துவிடுகிறது. கைதட்டலோடு அவை கலைகிறது. இதற்கு நாம் இலக்கிய ஆய்வு என்று பெயரிட்டு வருகிறோம். இனியும் அப்பெயரால் இதனை அழைத்தல் தகாது என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க விழையும் வழக்கு.

தமிழகத்தில் வாழ்வோர்க்கு இஃது ஒரு மாலைப்பொழுதின் மகிழ்ச்சியாக நின்றுவிடலாம். அவர்தம் பிள்ளைகள் பள்ளியிலேனும் சிலம்பின் சில அடிகளைக் கற்கின்றனர். ஆலுவாவிலும் ஏலூர்த் தொழிற்சாலைக் குடியிருப்புகளிலும் மட்டாஞ்சேரிக் கடைத்தெருக்களிலும் வாழும் நம் நிலை வேறு. நம் பிள்ளைகள் பலர் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கல்வி பெறுகின்றனர். தமிழ் அவர்கட்குச் செவி வழியே வரும் வீட்டுமொழி. ஆண்டிற்கு ஒருமுறை சங்க விழாவில் கேட்பதே அவருள் பலர் அறியும் தமிழிலக்கியம். அந்த ஒரு மாலையில் நாம் அவர்கட்கு அளிப்பது காப்பியத்தையா, காப்பியத்தின் மீது பிறர் வழங்கிய தீர்ப்பையா? தீர்ப்பை மட்டும் கொண்டு வீடு திரும்பும் பிள்ளை நூலைத் திறக்க வேண்டிய தேவைதான் என்ன?

பெரியாற்றங்கரையில் எழுந்த வினா

கண்ணகியை மற்றொரு பெண்ணோடு நிறுத்தி, இருவருள் யார் உயர்ந்தவர் என்று கேட்கும் வழக்கம் நம் மேடைகளில் பிறந்ததன்று. சிலப்பதிகாரத்துள்ளேயே அவ்வினா எழுகிறது. அதுவும் நம் ஆலுவா வழியாக ஓடும் இப்பேரியாற்றின் கரையிலே எழுகிறது.

வஞ்சிக்காண்டத்தின் காட்சிக் காதையில் சேரன் செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளோடு மலைவளம் காணச் சென்று பேரியாற்று மணற்பரப்பில் தங்குகிறான். குன்றவாணர் வந்து, வேங்கை மர நிழலில் ஒரு மார்பு இழந்து நின்ற பெண்ணொருத்தி தன் கணவனோடு விண்ணகம் புகுந்த வியப்பினை உரைக்கின்றனர். உடனிருந்த சாத்தனார் மதுரையில் நிகழ்ந்ததனை விளக்குகிறார். அது கேட்ட அரசன் தேவியை நோக்கி வினவுகிறான்: கணவன் உயிர் நீங்கிய அக்கணமே தானும் உயிர் நீத்த பாண்டிமாதேவி, சினத்தோடு நம் நாடு வந்தடைந்த இப்பெண், இவ்விருவருள் நீ வியக்கும் நலம் உடையவள் யார்?

பட்டிமன்றத் தலைப்பாகவே அமைந்த வினா இது. ஆனால் வேண்மாள் நடுவராகவில்லை. ஒருத்தியை உயர்த்தி மற்றவளைத் தாழ்த்தவும் இல்லை. பாண்டிமாதேவி வானத்துப் பெருஞ்சிறப்பினைப் பெறுக என்று வாழ்த்துகிறாள். நம் நாட்டை அடைந்த இப்பத்தினியை நாம் போற்றுதல் வேண்டும் என்கிறாள். யார் பெரியர் என்ற வினாவை விடுத்து, வந்தவள்பால் நம் கடமை யாது என்ற வினாவிற்கு விடை பகர்கிறாள். அவ்விடையிலிருந்தே இமயத்துக் கல்லும் கோயிலும் விழாவும் தோன்றுகின்றன. காப்பியத்தின் மூன்றாம் காண்டம் முழுமையும் ஓர் அரசி தீர்ப்புரைக்க மறுத்ததன் பயன் எனலாம்.

இதில் புலம்பெயர்ந்து வாழும் நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கண்ணகி புகாரிற் பிறந்தவள், மதுரையில் அயலாள், சேர நாட்டில் வந்தேறி. மூன்று நாடுகளையும் நடந்தே கடந்தவள். அவள் எந்நாட்டாள், எக்குலத்தாள் என்று வேண்மாள் கேட்கவில்லை. இன்றோ, கொடுங்கல்லூர்ப் பகவதி கண்ணகியே என்று ஒரு சாராரும் அன்று என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். பெரியாற்றின் மேல்நிலத்துக் காட்டிலுள்ள மங்கலதேவி கோயில் எந்த மாநிலத்தது என்று அளவுகோல் பிடிக்கின்றனர். காப்பிய மாந்தரை வழக்கிற் சிக்க வைக்கும் நோய் பட்டிமன்ற மேடையோடு நிற்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

நூல் சொல்வதும் மேடை சொல்வதும்

மாதவியை எடுத்துக் கொள்வோம். எதிரணியினர் அவளைக் குடிகெடுத்த கணிகை என்பர். ஆதரவு அணியினர் கணிகையர் குலத்துக் கற்புக்கரசி என்பர். இரு சாராரும் மறப்பது, இவ்வழக்கினைக் கோவலனே முடித்து வைத்துவிட்டான் என்பதனை. மாதவி எழுதிய முதல் முடங்கலை அவன் ஏற்க மறுத்தான். மதுரை செல்லும் வழியில் கோசிகன் கொணர்ந்த இரண்டாம் முடங்கலைப் படித்தபோது, தவறு அவளுடையது அன்று, தன்னுடையதே என்று உணர்கிறான். அவ்வோலையின் சொற்கள் தன் பெற்றோர்க்கு எழுதியனபோலவும் பொருந்துதல் கண்டு, அதனையே அவர்பால் அனுப்பி வைக்கிறான். ஒருவன் தன் பிழையை உணரும் அக்கணத்தை விளக்க ஒரு மாலை முழுதும் போதாது. மேடையில் அதற்குக் கிடைப்பது ஒரு வாக்கியம். அதுவும் எதிரணியை மடக்குதற்கு.

கண்ணகியை வாய் பேசாப் பொற்பாவையாகவே புகழ்வோர் உளர். சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் பிரிந்த கணவனைப் பெறலாம் என்று தேவந்தி கூறியபோது, அது தனக்குப் பெருமையன்று என மறுத்தவள் அவள். மாதரியின் இல்லத்தில் கோவலன் உணவருந்திய பின்னர், அவன் ஒழுகிய ஒழுக்கம் சான்றோர் போற்றாதது என்று அவன் முகத்திற்கு நேரே உரைத்தவளும் அவளே. உரைத்தது மெல்லிய குரலில், எனினும் உரைத்தாள். அக்குரல் பின்னர்ப் பாண்டியன் அவையில் உயர்ந்தது ஒரே நாளில் நேர்ந்த மாற்றம் அன்று. ஒரு பாத்திரம் வளரும் முறையினை இளங்கோவடிகள் படிப்படியாகக் காட்டுகிறார். அப்படிகளை ஏறிக் காண்பதே பாத்திர ஆய்வு.

கம்பனிடம் வருவோம். கும்பகருணனும் வீடணனும் போர்க்களத்தில் சந்திக்கும் இடம் தமிழ் அறிந்தார் நெஞ்சை உருக்குவது. தன் பக்கம் வருமாறு தம்பி அழைக்கிறான். உண்ட சோற்றின் கடன் தீர்க்க உயிர் விடுவேன் என்கிறான் தமையன். தம்பியின் வழி தவறு என்று அவன் கூறவில்லை. அவனைத் தழுவி, நீ வாழ்க, எங்கட்கு நீர்க்கடன் செய்ய நீயே உளை என்று விடுக்கிறான். ஒரே அறத்தின் இரு கூறுகள் தம்முள் தழுவிக் கண்ணீர் விடும் அக்காட்சியை, இருவரையும் எதிரெதிர் மேசைகளில் அமர்த்திப் பிரித்து வைத்தவர் யார்? கம்பன் அல்லன், நாமே.

சிலம்பின் மையக் குற்றம் யாது என்று சிந்திப்பின் இவ்வழக்கு மேலும் தெளிவாகும். கோவலன் கொலையுண்டது அவன் கள்வன் என்பதனால் அன்று; அரசன் ஆராயாது தீர்ப்பு வழங்கியமையால். ஊரறியா அயலான் ஒருவன் கையில் விலையுயர்ந்த சிலம்பு, அரண்மனைப் பொற்கொல்லன் சொல்லிய ஒரு சொல், அவ்வளவே போதுமானதாயிற்று. கண்ணகி அவைபுகுந்து, ஆராயாத மன்னன் என்றே அவனை விளிக்கிறாள். முத்துப்பரல் அன்று, மாணிக்கப்பரல் என்று சிலம்பை உடைத்துச் சான்று காட்டுகிறாள். ஆராயாத் தீர்ப்பினால் ஒரு நகரமே எரிந்த கதையை வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்தில் தீர்ப்பு வழங்கி மகிழ்கிறோமே, இது முறையாகுமா?

தீர்ப்பு யார்மீது விழுகிறது?

காப்பிய மாந்தர்க்கு இதனால் தீங்கு ஒன்றும் நேராது என்று கூறுவாரும் உளர். உண்மைதான். தீங்கு நேர்வது அவையில் அமர்ந்திருக்கும் மாந்தர்க்கு. மேடையில் கற்பிற்கு மதிப்பெண் இடக் கற்றுக்கொண்ட நாவு வீட்டிலும் அடங்கி இராது. மருமகள் கண்ணகியாக வேண்டும் என்று எதிர்பார்க்கும் குடும்பத்தில், மகன் கோவலனாக நேரின் அவன் பிழையை யார் எடுத்துரைப்பது?

இதனை நம் புதிய இலக்கியம் நன்கு உணர்ந்திருந்தது. புதுமைப்பித்தன் 1934-இல் எழுதிய 'பொன்னகரம்' என்னும் சிறுகதையில், அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வார்க்க வழியற்ற ஆலைத் தொழிலாளி அம்மாளு தன்னையே விற்கிறாள். கற்பு, கற்பு என்று பேசுவோரை நோக்கியே அக்கதை முடிகிறது. அவர் 1943-இல் எழுதிய 'சாப விமோசன'த்தில், சீதையிடம் தீக்குளித்து மெய்ப்பிக்குமாறு கேட்கப்பட்டது என்றறிந்த அகலிகை மீண்டும் கல்லாகிறாள். ஒரு பெண்ணுக்கு வழங்கப்பட்ட மன்னிப்பு மற்றொரு பெண்ணின் மீதான விசாரணையால் பொய்யாகிவிடுவதை இதனினும் கூர்மையாக யார் சொல்ல முடியும்?

நம்மைப் போலவே கேரள மண்ணில் வாழ்ந்து தமிழில் எழுதியவர் நீல பத்மநாபன். அவருடைய 'தலைமுறைகள்' 1968-இல் வெளிவந்தது. இரணியல் செட்டிமார் குடும்பமொன்றில், பெண்மைக் குறை உடையவள் என்ற பொய்ப்பழியோடு பிறந்தகம் அனுப்பப்படும் நாகுவையும், அவளுக்காகப் போராடும் தம்பி திரவியையும் அதில் காண்கிறோம். ஊரார் விசாரியாமலே தீர்ப்பளித்துவிட்டனர். பாண்டியன் அவையும் இரணியல் தெருவும் ஒன்றாகிவிடும் இடம் அது. சிலம்பையும் தலைமுறைகளையும் ஒருங்கு வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு, பழமை என்றும் புதுமை என்றும் இரண்டு இலக்கியம் இல்லை என்பது தானே விளங்கும்.

மலையாளம் கற்கும் நம் பிள்ளைகட்கு மற்றுமொரு பேறு உண்டு. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956-இல் வெளிவந்தது. அதனைச் சுந்தர ராமசாமி தமிழில் தந்தார். கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலிற் சென்ற கணவனைக் காக்கும் என்ற நம்பிக்கை கறுத்தம்மாவின் வாழ்வைச் சுற்றி வளைக்கிறது. பத்தினியின் ஆற்றல் பற்றிய பழைய எண்ணத்திற்கு உறவான நம்பிக்கையே அது. மதுரையில் அவ்வாற்றல் நீதி கேட்டது. அக்கடற்கரையிலோ அது ஒரு பெண்ணுக்கு விலங்காயிற்று. ஏன்? இவ்வினாவை எழுப்பத் தக்கவர் இருமொழியும் அறிந்த நம் பிள்ளைகளே. கறுத்தம்மா கற்புடையவளா என்று மட்டும் கேட்பின் இவ்வாயில் அடைபட்டுப் போகும்.

பட்டிமண்டப மரபு

பட்டிமன்றம் தொன்மரபு அன்றோ என்பர். மணிமேகலையில் பட்டிமண்டபம் வருவது உண்மை. ஆனால் அங்கு ஏறியோர் சமயப் பொருளை வாதிட்டோர். எந்தப் பெண் உயர்ந்தவள் என்று வழக்காடியோர் அல்லர். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது நீங்குக என்ற அறிவுரையும் அவ்விழா அறிவிப்பிலேயே சேர்ந்து ஒலிக்கிறது. 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகமும் பிற அமைப்புகளும் மேடைவழியே பாமரர்க்கும் காப்பியத்தைக் கொண்டு சேர்த்த தொண்டினை நாம் குறைத்து மதிக்கவில்லை. பாட்டைக் கரைத்துக் குடித்த அறிஞர் மேடையேறிய நாளில் வாதம் நூலுக்கு வாயிலாக நின்றது. நூலைத் திறவாதார் நகைச்சுவைத் துணுக்குகளோடு ஏறும் நாளில் அதுவே நூலுக்குக் கதவடைப்பாகிறது.

பட்டிமன்றம் இல்லையேல் கூட்டம் வாராது என்பது மற்றொரு வாதம். கூட்டம் கூட்டுதல் எளிது. கூடியோர் எதனைக் கொண்டு செல்கின்றனர் என்பதே சங்கம் கணக்கிட வேண்டுவது.

ஆலுவா காட்டிய நெறி

இதற்கு வழிகாட்டி தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1924-இல் இதே ஆலுவாவில், பெரியாற்றங்கரை அத்வைத ஆசிரமத்தில், நாராயண குரு சர்வமத சம்மேளனத்தைக் கூட்டினார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சதாசிவ ஐயர் அதற்குத் தலைமை தாங்கினார். வாதிட்டு வெல்லுதற்கன்று, அறிதற்கும் அறிவித்தற்குமே கூடினோம் என்ற கருத்து அங்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது. சமயங்கட்கே பொருந்திய அந்நெறி காப்பிய மாந்தர்க்குப் பொருந்தாதா?

ஆகவே சங்கத்தார்முன் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. சிலப்பதிகாரத்தில் முப்பது காதைகள் உள்ளன. திங்களுக்கு ஒரு காதை என்று உரையோடு படித்தால் இரண்டரை ஆண்டில் நூல் நிறைவுறும். ஒவ்வொரு காதையோடும் ஒரு புதிய சிறுகதையை இணைத்துப் படிக்கலாம். முடிவில் பிள்ளைகளிடம் மூன்று வினாக்கள் மட்டும் கேட்போம்: இம்மாந்தர் எதனை அறிந்திருந்தார், எதனை அறியாதிருந்தார்? அவர்முன் எத்தனை வழிகள் திறந்திருந்தன? அவ்வழிகளை அடைத்தவர் யார்? இவற்றிற்கு விடை தேடும் பிள்ளை நூலைத் திறந்தே ஆகவேண்டும். தமிழ் எழுத்து அறியாத பிள்ளையும் காதால் கேட்டுக் கருத்தால் விடை கூறலாம். எழுத்தின்மேல் ஆசை பின்னர்த் தானே பிறக்கும்.

ஆண்டு விழாவில் அப்பிள்ளைகளே மேடையேறித் தாம் கண்டதனைக் கூறட்டும். நடுவர் நாற்காலி வெறுமையாகவே இருக்கட்டும். இப்பேரியாற்றங்கரையில் வேண்மாள் அமர மறுத்த இருக்கை அது. நாம் அமர்ந்து பெறப்போவது யாது?