மல்லிகையும் இல்லை, மல்லியும் இல்லை!

திண்டுக்கல்லில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கோ நல்ல ஜலதோஷம். அக்கா மிளகு ரசம் கொதிக்க வைத்துக் கொண்டிருந்தாள். கல்லூரியிலிருந்து வந்த அவள் மகள், "சித்தி, ஓட்டலில் 'மல்லிகடானி ஸூப்' என்று போட்டிருக்கிறானே, மல்லிகைப் பூவிலா ஸூப் வைக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"பூவில் இல்லையடி, கொத்துமல்லியாக இருக்கும்" என்றாள் அக்கா.

இரண்டும் இல்லை. அடுப்பில் கொதித்துக் கொண்டிருந்ததுதான் அது!

ரசத்தை மிளகுத் தண்ணி என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டல்லவா? மிளகு, தண்ணீர் என்ற நம் இரண்டு சொற்களையும் ஆங்கிலேயர் ஒன்றாக ஒட்டிக் கொண்டு விட்டார்கள். ஏட்டைப் பார்த்துக் கற்றிருந்தால் கடைசியில் ஒரு 'ர்' மிஞ்சியிருக்கும். அவர்கள் காதில் விழுந்ததோ சமையற்கட்டுப் பேச்சு. 'தண்ணி' போய் 'டானி' ஆயிற்று. அவர்கள் மொழியில் 'டானி' என்றால் பழுப்பு நிறம். ஸூப்பின் நிறமும் அதுவே. பிறகு கேட்பானேன்!

அக்கா வீட்டு மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். 1755-ல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்த ஊர் இது. பிற்பாடு அவர் மைசூரை ஆண்டு ஆங்கிலேயருடன் போரிட்டபோது சிறைப்பட்டவர்களில் ஒரு கடற்படைக்காரர், பெங்களூர்ச் சிறையில் மிளகுத் தண்ணியும் கஞ்சியுமே கதியாயிற்றே என்று நொந்து பாட்டுக் கட்டினார். அகராதிகள் இந்தச் சொல்லுக்குக் காட்டும் பழைய சான்று 1784-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தப் பாட்டுத்தான்.

சிறையில் கசந்தது பங்களாவில் இனித்தது. சாப்பாட்டுக்கு முன் துரைமாருக்கு ஸூப் வேண்டும். கோழியும் வெங்காயமும் சேர்த்து ரசத்தைக் கெட்டியாக்கிக் கொடுத்தார்கள். சென்னை ராஜதானி வெள்ளைக்காரர்களுக்கு 'முல்' என்று பட்டப் பெயரே வந்து விட்டது! சீமைக்குப் போன பிறகு ஆப்பிளும் க்ரீமும் சேர்ந்தன. அதை ரசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி இது சென்னைச் சரக்கு என்று ஒப்புக் கொள்கிறது. தொகுத்தவர்கள் யூல், பர்னெல் என்ற இருவர். பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். இவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. முதல் கிண்ணத்தை நீட்டிய சமையற்காரரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் வாயிலிருந்து வந்த 'தண்ணி' மட்டும் இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓட்டலில் ஒரு கிண்ணம் என்ன விலையாம்?" என்றாள் அக்கா. மகள் சொன்ன தொகையைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்து விட்டாள்.